அடுத்த நாள் மாரப்பன் வேலைக்குப் போகவில்லை

போன மாதம் நிவேதா என்று ஒரு பெண் போன் செய்தாள். கைப்பேசியில் கதை படிக்க வைக்கும் ஒரு கம்பெனியில் வேலையாம். நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த மாத நாவல் ஆபீஸின் பழைய நாவல்களையெல்லாம் முதலாளியின் வாரிசுகளிடமிருந்து அவர்கள் வாங்கிவிட்டார்கள். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு படிவம் பூர்த்தி செய்ய வேண்டும், பழைய ஆட்களில் விவரம் தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான், உதவுவீர்களா என்று கேட்டாள். ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மாதானே இருக்கிறேன், அனுப்புங்க என்றேன்.

படிவம் வந்தது. கதையில் வரும் ஒவ்வொரு ஆளுக்கும் எதிரே ஒரு கட்டம். அதைத் தொட்டால் பன்னிரண்டு வகை விரிகிறது. கொடுமைக்கார மாமியார், தியாகம் செய்யும் அக்கா, திமிர் பிடித்த பணக்காரப் பெண், நல்ல மனசுள்ள குடிகாரர், விசுவாசமான வேலையாள் என்று போகிறது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் ஆபீஸில் இருபத்தேழு இருந்தன. இவர்களிடம் பாதிகூட இல்லை.

மளமளவென்று நிறைய நாவல்களை முடித்துக் கொடுத்தேன். ஒன்றில் மட்டும் கை நின்றுவிட்டது. அருள்ராஜ் என்பவர் எழுதியது. அதில் வரும் மாரப்பன் என்ற பண்ணையாளுக்கு எதிரே இருந்த கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். மறுநாளே நிவேதா கூப்பிட்டாள்.

"மேடம், இந்த நாவல்ல முடிவு சரியா வரலீங்க. மாரப்பன் விசுவாசமான வேலையாள் வகைதானுங்க, ஆனா முடிவு அதுக்குப் பொருந்தலை. இங்க படிச்ச எல்லாருமே குழம்பிட்டாங்க. பழைய கட்டுக்குள்ள நாலு பக்கம் கிடைச்சுதுங்க, உங்க கையெழுத்துல. அதுல மாரப்பன் தீக்குள்ள போயி முதலாளி பையனைக் காப்பாத்திட்டுச் செத்துப் போறாரு. படிச்சு அழுதுட்டேனுங்க மேடம். அதையே முடிவா வெச்சுக்கலாமுங்களா? நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அந்த நாலு பக்கம் இன்னும் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. நான் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான். என் வேலைக் காலத்தில் நான் செய்த பெரிய தப்பும் அதுதான். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். முடியாது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஏன் முடியாது என்பதையும் யாராவது எழுதி வைத்தாக வேண்டும் என்று தோன்றியது, எழுதுகிறேன்.

என் அப்பா சிங்காநல்லூரில் மில் தொழிலாளி. நான் பி.ஏ. தமிழ் முடித்து வேலை கேட்டுப் போன மூன்றாவது இடம் அந்த ஆபீஸ். கீழே அச்சகம், மேலே ஆபீஸ், பக்கத்தில் லேத் பட்டறை. நாள் முழுக்க இரும்பு கடையும் சத்தம் கேட்டபடி இருக்கும். பிழை திருத்தச் சேர்ந்தேன். மூன்று வருஷம் ஒற்றெழுத்துகளோடு மல்லுக்கட்டினேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. நாலாவது வருஷம் முதலாளி கூப்பிட்டு, "இனிமே முடிவெல்லாம் நீங்களே பாருங்க அம்மணி" என்றார்.

முதலாளி பெயர் சென்னியப்பன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புள்ள குடும்பம். கதைப் பைத்தியத்தில் டவுனுக்கு வந்து நாவல் போட ஆரம்பித்தவர். அவ்வளவு மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. ஆபீஸ் படியில் படுத்திருக்கும் நாயிடம்கூட "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றுதான் சொல்வார். நாங்கள் உள்ளே போனால் எழுந்து நின்றுதான் பேசுவார். குரல் உயரவே உயராது, நாம் குனிந்துதான் கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாது, வேண்டாம் என்ற சொற்களை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வேண்டாமென்றால் "பார்த்துக்கலாமுங்க" என்பார். அது தெரியாத எழுத்தாளர்கள் ஆறு மாதம் நம்பிக்கையோடு நடந்துகொண்டிருப்பார்கள். நாங்கள்தான் பாவம் பார்த்து மாடிப்படியில் நிறுத்தி விஷயத்தைச் சொல்லி அனுப்புவோம்.

அவர் மேசையில் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் இருபத்தேழு அட்டைகள். வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளில் கெட்டியானதாகப் பார்த்து எடுத்து வைத்து, அதன் பின்பக்கம் பச்சை மையில் எழுதுவார். ஒரு பக்கம் யாரோ இரண்டு பேரின் சுபமுகூர்த்தம், மறுபக்கம் கொடுமைக்கார மாமியார். ஒவ்வொரு அட்டையிலும் நாலு வரி இருக்கும்: வருகை, கையில், செய்யாதது, முடிவு. மாமியார் அட்டை எனக்கு இன்றும் மனப்பாடம். வருகை: சமையலறையிலிருந்து, குரல் முதலில். கையில்: சாவிக்கொத்து. செய்யாதது: மருமகள் முன்னால் அழமாட்டாள். முடிவு: படுக்கையில் விழுந்து, மருமகள் கையால் கஞ்சி குடித்து, மனம் திருந்துவாள். கல்யாணத் தரகருக்குக் கையில் குடை. பணக்காரப் பெண்ணுக்குக் கார் சாவி. தியாக அக்காவின் கையில் பாதி தைத்த ஜாக்கெட் இருக்கும், அது எப்போதும் தங்கையுடையதாக இருக்கும்.

திங்கட்கிழமை எழுத்தாளர்கள் வருவார்கள். முதலாளி டின்னைத் திறந்து ஆளுக்கு மூன்று அட்டை எடுத்துக் கொடுப்பார். நாலாவது ஆளிலிருந்து எழுத்தாளர் இஷ்டம். ஆனால் மொத்தம் ஏழு பேருக்கு மேல் கூடாது, எட்டாம் பக்கத்துக்குள் யார் யார் என்ன ரகம் என்று தெரிந்துவிட வேண்டும். எழுதி வந்ததும் கடைசி அத்தியாயம் அட்டைகளோடு என் மேசைக்கு வரும். அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பேன். முடிவு வரி பொருந்தினால் சிவப்புப் பென்சிலில் ஒரு டிக். பொருந்தாவிட்டால் நானே திருத்தி எழுதிவிடுவேன். எழுத்தாளரிடம் சொல்வதில்லை, புரூஃபும் காட்டுவதில்லை. புத்தகம் வந்ததும் பார்த்துத் தெரிந்துகொள்வார். கடைசிப் பதினாறு பக்கம் மெஷினில் ஏற என் கையெழுத்து வேண்டும், அது இல்லாமல் கீழே ஃபோர்மேன் மெஷினை ஓட்டமாட்டார்.

இதைக் கேட்டால் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும். ஒரு இலக்கியக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் எங்கள் நாவல்களில் வருபவர்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் என்று பேசினார். கைதட்டினார்கள். நான் பின்வரிசையிலிருந்து எழுந்து, பொள்ளாச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே எப்போதாவது கதை படித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். எங்கள் வாசகிக்கு ஒரு கையில் கம்பி, ஒரு கையில் புத்தகம். பொள்ளாச்சியில் ஏறுகிறவள் கிணத்துக்கடவு வருவதற்குள் கதைக்குள் போயாக வேண்டும். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் அவளுக்கு ஆள் தெரிந்துவிடும், மிச்சத்தை அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம். பேராசிரியர் அடுத்த கேள்வி என்றார். அன்றைக்குச் சொன்னதையே இன்றைக்கும் சொல்வேன். தெரிந்த முகத்தைக் காட்டித்தான் தெரியாத சங்கதியைச் சொல்ல முடியும். வகை என்பதில் ஒரு கேவலமும் இல்லை.

கெட்டிக்காரர்கள் கையில் அட்டை என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒண்டிப்புதூரில் தையல் கடை வைத்திருந்த ஒரு அம்மா எங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு தடவை மாமியார் அட்டை போயிற்று. அட்டை சொன்னபடியே எல்லாம் எழுதினார். குரல் முதலில் வந்தது, கஞ்சி கடைசியில் வந்தது. ஒரே ஒரு காரியம் கூடச் செய்தார். சாவிக்கொத்தில் ஒரு சாவி மட்டும் எதையும் திறக்காது. அந்த மாமியார் கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்த தகரப் பெட்டியின் சாவி அது. பெட்டியை அவளுடைய மாமியார் என்றோ யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். முப்பது வருஷமாகச் சாவியை மட்டும் இடுப்பில் வைத்திருக்கிறாள். முதலாளி அந்த இடத்தை மறுபடி படித்தார். பிறகு அட்டையை எடுத்து, சாவிக்கொத்து என்பதற்குப் பக்கத்தில் "ஒன்று எதையும் திறக்காதது" என்று பச்சை மையில் சேர்த்து எழுதினார். அவரும் கற்றுக்கொள்கிற மனிதர்தான். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு அவ்வளவு கோபத்தைக் கொடுத்தது.

அருள்ராஜ் பொள்ளாச்சி–ஆனைமலை ரூட்டில் கண்டக்டர். ஒரு திங்கட்கிழமை காக்கிச் சட்டையோடே வந்து நின்றார். முதலாளி எழுந்து நின்று ஊர் விசாரித்தார், அப்பா என்ன செய்தார் என்று கேட்டார். தோப்பில் பண்ணையாளாக இருந்தாருங்க என்றார் அருள்ராஜ். முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. மேலாக இரண்டு அட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, டின்னின் அடியிலிருந்து மூன்றாவதை உருவினார்.

"இத நான் யாருக்கும் லேசுல குடுக்க மாட்டனுங்க. மொத மொதல்ல எழுதுன அட்டைங்க இது. உங்களுக்குன்னே இருந்திருக்குதுங்க."

விசுவாசம் என்று தலைப்பு. வருகை: கொல்லைப்புறமாக. கையில்: கக்கத்தில் துண்டு. செய்யாதது: எதிர்த்துப் பேசமாட்டான். முடிவு: எஜமான் வீட்டுக் குழந்தைக்காகச் சாவான். மற்ற அட்டைகளில் முடிவு வரியில் "அல்லது" என்று ஒரு வழி விட்டிருப்பார். இதில் அது கிடையாது. அருள்ராஜ் அதை இரண்டு தடவை படித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எழுதிட்டு வாரேனுங்க என்று கிளம்பினார்.

மூன்று மாதத்தில் நாவல் வந்தது. டிப்போவில் வீணாகும் தாள்களின் பின்பக்கம், வரி கோணாத எழுத்து. மாரப்பன் கொல்லைப்புறமாக வருகிறார், கக்கத்தில் துண்டு இருக்கிறது, எதிர்த்துப் பேசுவதே இல்லை. கடைசி அத்தியாயத்துக்கு முந்தினதுவரை அட்டை பிசகவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் கொப்பரைக் கொட்டகையில் தீப்பிடிக்கிறது. உள்ளே இரண்டு குழந்தைகள். ஒன்று தோப்புக்காரர் மகன். இன்னொன்று கொட்டாங்கச்சி பொறுக்கப் போன மாரப்பனின் மகள், ஒன்பது வயசு. புகையில் கண் தெரியவில்லை. இரண்டு பக்கமும் இருமல் கேட்கிறது. மாரப்பன் மகள் இருமும் பக்கம் போகிறார். பையன் பின்கதவு வழியாகக் கை வெந்து தானே வெளியே ஓடி வருகிறான். மாரப்பன் மகளைத் தூக்கிக்கொண்டு யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு நடக்கிறார். நாவலின் கடைசி வரி: அடுத்த நாள் மாரப்பன் வேலைக்குப் போகவில்லை.

டிக் போடப் பென்சிலை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டு முதலாளியிடம் கொண்டு போனேன். அவர் படித்துவிட்டு ரொம்ப நேரம் தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். இவன் நல்லவனா கெட்டவனா என்றே தெரியவில்லையே அம்மணி என்றார். பழி வாங்குகிறவனாக இருந்தால்கூட அதற்கு ஓர் அட்டை இருக்கிறது, படிக்கிறவர்கள் இவனை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டார். பிறகு வழக்கம்போல, "நீங்க பார்த்துச் சரி பண்ணிப்போடுங்க" என்றார்.

சரி பண்ணினேன். எனக்கு அதில் ஒரு தயக்கமும் இருக்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன், கொட்டகையில் பையன் மட்டும்தான். மாரப்பன் உள்ளே பாய்ந்து, பையனை ஜன்னல் வழியாக வெளியே கொடுத்துவிட்டு, உத்தரம் விழுந்து சாகிறார். தோப்புக்காரர் தன் தோளிலிருந்த பட்டுத் துண்டை எடுத்து அவர் மேல் போர்த்துகிறார். நாலு பக்கம். எழுதும்போதே அழுதேன். பக்கத்து மேசையில் படித்த பிழை திருத்தும் பெண்ணும் அழுதாள். என் எழுத்துக்கு நானே சிவப்பில் டிக் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் அருள்ராஜ் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தார். அப்பாவுக்குக் கண் காட்ட கோயமுத்தூர் வந்தார்களாம், அப்படியே புத்தகம் எப்போது வரும் என்று கேட்டுப் போக ஏறி வந்திருக்கிறார்கள். அப்பா பெயர் சவரிமுத்து. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. மேசையில் புரூஃப் கிடந்ததைப் பார்த்து, மகன் எழுதியதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் படிச்சுக் காட்டறீங்களா தாயி, பையனைக் கேட்டா வெக்கப்படறான் என்றார். புரூஃப் காட்டக் கூடாது என்பது விதி. ஆனால் என் நாலு பக்கத்தின் மேல் எனக்கு இருந்த பெருமை அந்த விதியைவிடப் பெரிதாக இருந்தது. கடைசி அத்தியாயத்தை எடுத்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் அருள்ராஜின் முகம் மாறியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தாமல் பட்டுத் துண்டு வரைக்கும் வாசித்து முடித்தேன்.

பெரியவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, நான் செத்துப் போயிட்டனுங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது கதைங்க, செத்தது மாரப்பன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"செரீங்க. எம்புள்ளையக் காணமுங்களே. அவளை ஆருங்க வெளிய தூக்கியாந்தது?"

அருள்ராஜ்தான் சொன்னார். தீ நிஜம். கொட்டகை நிஜம். உள்ளே இருந்த ஒன்பது வயசுப் பெண் அவருடைய அக்கா. அன்றையிலிருந்து சோறு போட்ட வீட்டுப் பையனை விட்டுவிட்டு ஓடினவன் என்று அப்பாவுக்கு ஊரில் பெயர். எந்தத் தோப்பிலும் வேலை கொடுக்கவில்லை. ஆனைமலைக்கு வந்து மூட்டை தூக்கிப் பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறார். மகன் அதை எழுதப் போகிறான் என்று தெரிந்து, உள்ளதை உள்ளபடி எழுதுவியா என்று ஒரு தடவைதான் கேட்டாராம். அருள்ராஜ் குரலை உயர்த்தாமல் என்னிடம் சொன்னார்.

"அக்கா, ஊர்ல எல்லாரும் எங்கப்பன் செத்திருக்கோணும்னுதான் சொன்னாங்க. நீங்களும் அதையே எழுதிப்போட்டீங்க."

அவ்வளவு வருஷம் எத்தனையோ முடிவுகளை மாற்றியிருக்கிறேன், ஒரு தடவைகூட அது ஒரு ஆள் மேல் கை வைப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. அப்போதுதான் அந்த டின்னைப் பற்றி ஒன்று உறைத்தது. மாமியார் அட்டையைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் மாமியார், பாதிப் பேர் மருமகள். தப்பாக இருந்தால் கார்டு எழுதித் திட்டுவார்கள், அட்டை திருந்தும், சாவிக்கொத்தில் ஒரு சாவி கூடும். விசுவாச அட்டையைப் பண்ணையாள் யாரும் அதுவரை கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை. அது முழுக்க முழுக்கத் தோப்புக்காரர் எழுதியது. முதல் தடவையாக ஒரு பண்ணையாளின் மகன் அதைத் திருத்தி எடுத்து வந்திருக்கிறான், நான் அதன் மேல் உத்தரத்தைத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு முதலாளி அறைக்குப் போனேன். எழுந்து நின்றார். இரண்டு முடிவையும் மேசை மேல் வைத்து, அருள்ராஜ் எழுதியதற்குத்தான் கையெழுத்துப் போடப் போகிறேன் என்றேன். பார்த்துக்கலாமுங்க அம்மணி என்றார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. பார்த்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை, வேண்டாமென்றால் வேண்டாம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், சொன்னால் நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

அவர் சொல்லவில்லை. விசுவாச அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் அதுவரை கேட்டறியாத ஒன்றைச் சொன்னார். ஆறு வயசில் தோப்புக் கிணற்றில் விழுந்துவிட்டாராம். கருப்பன் என்ற பண்ணையாள் குதித்து, இவரைப் படிக்கட்டில் ஏற்றிவிட்டு, தான் மேலே வரவில்லை.

"கருப்பன் செத்ததாலதானுங்க நான் இங்க நிக்கறேன். எம்பட புத்தகத்துலயே அவனைக் கேவலப்படுத்தச் சொல்றீங்களா அம்மணி?"

கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. வேறு நாளாக இருந்திருந்தால் நான் புரூஃபைச் சுருட்டிக்கொண்டு திரும்பியிருப்பேன். வெளியே ஒரு பெரியவர் கொடுத்த நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்டேன்.

"கருப்பனுக்குக் குழந்தைங்க இருந்தாங்களாங்க?"

அவர் கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "தெரியலீங்க" என்றார்.

அவங்க அன்னைக்கு எங்க இருந்தாங்க, அப்புறம் யாரு சோறு போட்டாங்கன்னு உங்க அட்டையில ஒரு வரி இல்லீங்க, அந்த வரியைத்தான் அருள்ராஜ் எழுதியிருக்காரு என்றேன். கருப்பன் பெரிய மனிதர்தான், ஆனால் மாரப்பன் அவரைப் போலச் சாகவில்லை என்பதற்காக மாரப்பனைக் கொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். முதலாளி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். கடைசிவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்டு, கீழே போய் ஃபோர்மேன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

புத்தகம் வந்தது, திட்டுக் கடிதங்கள் வந்தன. நன்றி கெட்டவனைக் கதாநாயகன் ஆக்குவதா என்று கேட்டார்கள். நடுவில் கோணல் எழுத்தில் நாலைந்து கார்டுகள், இது எங்கள் வீட்டில் நடந்தது என்று. முதலாளி தினமும் காலையில் திட்டுக் கடிதங்களை மட்டும் குண்டூசி குத்தி என் மேசையில் வைத்து, படிச்சுப் பாருங்க அம்மணி என்பார். முடிவு பார்க்கும் வேலையை என்னிடமிருந்து எடுத்து, சமையல் குறிப்புப் பக்கத்தைக் கொடுத்தார். நான் நேராகப் போய், என்னை நிறுத்துவதாக இருந்தால் நீங்களே வாயைத் திறந்து நிறுத்துங்கள், நானாகப் போகமாட்டேன் என்றேன். அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. அவருக்கு மரியாதை, எனக்குப் பிடிவாதம். இரண்டு வருஷம் ரசப்பொடிக்கும் ஊறுகாய்க்கும் அளவு சரிபார்த்தேன். எனக்குப் பதில் வந்தவர் ஒரு நாவலில் மாமியாரைப் படுக்கையில் விழுவதற்கு முன்னாலேயே திருந்த வைத்துவிட்டார், அதற்கப்புறம் முடிவெல்லாம் தானாக என் மேசைக்குத் திரும்பி வந்தது. ஆனால் சவரிமுத்து வந்துபோன நாளிலிருந்து எழுத்தாளரிடம் கேட்காமல் ஒரு முடிவையும் நான் தொட்டதில்லை.

சவரிமுத்து எண்பது வயசு தாண்டி, மகளும் மகனும் பக்கத்தில் இருக்க, ஆனைமலையில் தன் வீட்டில் காலமானார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். தலைமாட்டில் பைபிளுக்குப் பக்கத்தில் அந்த நாவல் மேலட்டை கிழிந்து கிடந்தது.

ஆபீஸை மூடியபோது முதலாளி பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்து, நீங்களே வெச்சுக்கோங்க அம்மணி என்றார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். விசுவாச அட்டை அடியில் இருந்தது. முடிவு வரி பச்சை மையில் அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே நடுங்கின எழுத்தில்: கருப்பனுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பழனியம்மாள். சின்னவள் பெயர் தெரியவில்லை. இதற்காக அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட நான் தயாராக இல்லை. காப்பாற்றின மனிதரின் பிள்ளைகளை விசாரிக்க ஒரு ஆயுசு பிடித்திருக்கிறது. ஆனாலும் விசாரித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சொன்னபடியே மறுநாள் நிவேதாவைக் கூப்பிட்டு, இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அந்த நாலு பக்கத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன், என் பெயரைச் சொல்லி யாரும் மாரப்பனை மறுபடி தீக்குள் அனுப்பக் கூடாது என்றேன். முடிவு அருள்ராஜ் எழுதியதுதான், அவர் இன்னும் இருக்கிறார், சந்தேகம் இருந்தால் அவரைக் கேட்டுக்கொள்ளட்டும். சரிங்க மேடம், ஆனா அந்தக் கட்டத்துல பன்னெண்டுல ஒண்ணைப் போட்டாத்தான் படிவம் மேல நகருமுங்க என்றாள். நகர வேண்டாம் என்றேன். அவள் போனை வைக்கவில்லை.

"மேடம், தீயில இருந்து வந்த அந்தப் புள்ளை இப்ப எங்கீங்க இருக்காங்க?"

முதலாளிக்கு ஒரு ஆயுசு பிடித்த கேள்வி. இந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் கேட்டுவிட்டாள்.

"ஆனைமலையிலதான் கண்ணு. சத்துணவு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆயிட்டாங்க. இடது தோள்ல தழும்பு இருக்குது. பேரு ஆரோக்கியமேரி, எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டாள். மாரப்பனுக்கு எதிரே இருக்கும் கட்டம் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது. கம்பெனியிலிருந்து இரண்டு தடவை நினைவூட்டல் வந்துவிட்டது. நான் அதை நிரப்பப் போவதில்லை.